கடைசிச் சுற்று தரையில்தான்

ஜீப்பின் ஷாக் அப்சார்பர் புஷ் அடிக்கடி கிழிந்தால் பழி ரப்பர் மீது விழுகிறது. பல சமயம் தவறு, நட்டை முடுக்கிய நேரத்தில் இருக்கிறது.

முதலில் கேட்பது ஒரு கீச்சொலி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, பழைய கட்டில் முனகுவது போல வண்டியின் அடியிலிருந்து வரும். சில வாரங்களில் அது 'டக், டக்' என்ற அடியாக மாறும். "சவுண்ட் பர்த்தா இதே" என்று கன்னடத்திலோ, "பின்னாடி அடிக்குதுண்ணே" என்று தமிழிலோ ஓட்டுநர் முறையிட, மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வருவார். தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: புஷ் போய்விட்டது.

மைசூருவின் ஒர்க் ஷாப்புகளுக்கு இது பழகிப்போன வழக்கு. நகரம் சமவெளியில் இருந்தாலும் அதைச் சுற்றியிருப்பது ஜீப்புகளின் நாடு. மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் மடிக்கேரி. அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் மாந்தல்பட்டி போன்ற மலை முகடுகளுக்கும் ஏறும் பாதைகள். தெற்கே பந்திப்பூர், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காடுகளில் ஒன்று. தென்மேற்கே கபினி. பந்திப்பூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கூடலூர். 1964 ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் பலர் குடியேறிய இந்தத் தோட்டப் பகுதியில், பஸ் போகாத ஊர்களுக்கு ஜீப்தான் பஸ். கூடலூரிலிருந்து மைசூரு சுமார் 110 கிலோமீட்டர், கோயம்புத்தூரைவிடப் பக்கம்.

மைசூருவுக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள உறவு பழையது. ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களை உருவாக்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்படும்வரை இங்கேதான் இயங்கியது. கனரக வாகனங்களுக்கு அச்சுகள் தயாரிக்கும் ஆட்டோமோட்டிவ் ஆக்ஸில்ஸ் நிறுவனம் 1981-ல் இங்கே தொடங்கப்பட்டது. கைத்திறனுக்குப் பஞ்சமில்லாத ஊர். இருந்தும், இங்கு மட்டுமல்ல, நாடு முழுவதும் ஒர்க் ஷாப்புகளில் ஒரு சிறு பழக்கம் புஷ்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக்கமாக முடுக்கிவிடுவதுதான் அது.

சிறிய ரப்பர், பெரிய வேலை

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குகிறது என்று நினைப்பவர்கள் பலர். எடையைத் தாங்குவது கமான் பட்டை அல்லது சுருள் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்து எழுந்த ஸ்பிரிங், விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் சக்தி அங்கே சூடாக மாறிக் கரைகிறது. கரடுமுரடான பாதையில் அரை மணி நேரம் ஓடிய வண்டியின் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் கை சுடுவது அதனால்தான்.

இந்தக் குழாயின் ஒரு முனை வண்டியின் சேஸிஸிலும் மறுமுனை அச்சிலும் மாட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது குழாயின் சாய்வும் மாறுகிறது. இரும்போடு இரும்பைப் பூட்டினால் ஒன்று தேயும், அல்லது முறியும். ஆகவே நடுவே ரப்பர் புஷ். அது முனையைத் திருப்பிக்கொள்ள விடுகிறது. அதிர்வை வண்டிக்குள் ஏறவிடாமல் தடுக்கிறது. ஆனால் முனையை முன்னும் பின்னும் நழுவ விடுவதில்லை.

நழுவ விட்டால் என்ன ஆகும்? புஷ் தேய்ந்து சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால், சக்கரத்தின் அந்த முதல் சில மில்லிமீட்டர் அசைவைத் தடுக்க யாருமில்லை. அந்த இடைவெளியைத் தாண்டிய பிறகுதான் ஷாக் அப்சார்பர் வேலையைத் தொடங்கும். அதுவும் சுத்தியலால் அடிப்பதைப் போல. தார்ச் சாலையில் இது வெறும் சத்தம். கப்பிக் கற்கள் பரவிய மலைப்பாதையில், பிரேக் போடும் நேரத்தில், சக்கரம் துள்ளித் தரையை விட்டுவிட்டுத் தொடும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை. டயர் திட்டுத்திட்டாகத் தேயும். கவனிக்காமல் விட்டால் ஷாக் அப்சார்பரின் காது முட்டை வடிவமாகி, ஒருநாள் பின்னிலிருந்து கழன்று தொங்கும். தோட்டத் தொழிலாளர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு அந்த நாள் வரக்கூடாது.

தொங்கும் சக்கரத்தின் கணக்கு

இன்றைய புஷ்களில் பெரும்பான்மை மூன்று அடுக்கு கொண்டவை: வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர். உள்குழல், வெளிவளையத்தைவிடச் சற்று நீளமானது. போல்ட்டை முடுக்கும்போது பிராக்கெட்டின் இரு சுவர்களும் அந்த உள்குழலைக் கவ்விப் பிடிக்கின்றன. அதன்பின் உள்குழல் சுழலாது, சுழலவும் கூடாது. அசைவு முழுவதும் ரப்பரின் முறுக்கில்தான் நடக்கிறது. ஒரு பக்கம் முறுக்கி, மறுபக்கம் முறுக்கி, நடுவே ஓய்வுநிலைக்குத் திரும்புகிறது ரப்பர்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஓய்வுநிலை எது என்பதைத் தீர்மானிப்பது, போல்ட்டை முடுக்கும் கணத்தில் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அச்சு தன் எடையால் கீழே தொங்குகிறது. அந்த நிலையில் முடுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலையாகிவிடும். பிறகு வண்டியை இறக்கிய உடனே ரப்பர் முறுக்கப்படுகிறது. ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் முறுக்கு. ராத்திரி முழுக்க முறுக்கு. அதற்கு மேல்தான் பள்ளமும் மேடும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பிய நிலையிலேயே தூங்கச் சொன்னால் மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

எவ்வளவு முறுக்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஷாக் அப்சார்பர் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சு 10 சென்டிமீட்டர் தொங்கினால் சாய்வு சுமார் 24 டிகிரியாகிறது. அதாவது புஷ்ஷில் 6 டிகிரி முறுக்கு. கமான் பட்டையின் கண்ணிலும், அச்சைப் பிடித்திருக்கும் கைகளிலும் இது இன்னும் அதிகம். பட்டையின் கண்ணிலிருந்து அச்சுவரை 50 சென்டிமீட்டர் என்றால், அதே 10 சென்டிமீட்டர் தொங்கல் 11 டிகிரிக்கு மேல் திருப்பிவிடும். வண்டி ஓடும்போது வரும் அசைவு இதற்கு மேல் சேருகிறது. ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் ஓயாமல் இழுபடுகிறது. அந்தப் பக்கமே முதலில் கிழிகிறது. கழற்றிய புஷ்ஷில் கிழிசல் ஒரே பக்கமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது ரப்பரின் தரத்தை மட்டுமல்ல, முடுக்கிய விதத்தையும்தான்.

மருந்து சுலபமானது. போல்ட்டுகளை மாட்டி, நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஓட்டிவிட வேண்டும். வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் ஏறி இரண்டு மூன்று முறை அமுக்கிக் குலுக்கினால் ஸ்பிரிங்குகள் தம் இடத்தில் அமரும். அதன்பின் கடைசி முடுக்கு. குழி உள்ள ஒர்க் ஷாப்பில் இது எளிது. குழி இல்லாவிட்டால் சேஸிஸுக்குப் பதிலாக அச்சுக்கு அடியில் ஸ்டாண்டுகள் வைத்து, வண்டியின் எடை அச்சின் மேல் அமரும்படி நிறுத்தலாம். எதுவானாலும் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் தொடங்கவே கூடாது.

லேண்ட் ரோவர் 1948-ல் அறிமுகமானது. அதன் பழைய ஒர்க் ஷாப் கையேடுகளிலேயே, பட்டையின் ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்குவது வண்டி சக்கரங்களில் நின்ற பிறகுதான் என்ற விதி இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்பு எதுவுமில்லை. கையேட்டில் இருப்பது ஒர்க் ஷாப்பின் தரைவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எல்லாப் புஷ்ஷும் ஒரே ஜாதி அல்ல

விதியைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, அதை எல்லாவற்றுக்கும் போடுவது. பழைய ஜீப்புகளில் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் வளையம் போன்ற காது இருக்கும். பிராக்கெட்டிலிருந்து நீளும் பின்னில் ரப்பரோடு அதைச் செருகி, வெளியே வாஷர் போட்டுப் பூட்டுவார்கள். சிலவற்றில் நட்டு, சிலவற்றில் வெறும் ஸ்ப்ளிட் பின். இங்கே ரப்பரை இறுக்கிப் பிடிப்பது வாஷரின் அழுத்தம்தான். பின்னில் படி வெட்டியிருந்தால் வாஷர் அந்தப் படியில் போய் உட்காரும்வரை நட்டை நன்றாக முடுக்கலாம். அழுத்தத்தின் அளவைப் படியே தீர்மானித்துவிடும். படி இல்லாவிட்டால் கண்தான் அளவுகோல். ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்பை எட்டியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகையில் ஷாக் அப்சார்பரின் தலையில் திருகாணி போல ஒரு தண்டு. சேஸிஸின் துளை வழியாக அது மேலே வரும். துளைக்கு மேலும் கீழும் பிஸ்கட் போல இரண்டு ரப்பர்கள், அவற்றுக்குக் குழிந்த வாஷர்கள், மேலே இரண்டு நட்டுகள். இதிலும் அதே விதி: ரப்பர் வாஷரின் அகலத்துக்கு விரிந்தால் போதும். முதல் நட்டை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு இரண்டாவதைப் பூட்டு நட்டாக முடுக்க வேண்டும். தண்டு கூடவே சுழன்றால் அதன் நுனியில் உள்ள தட்டையான பகுதியை ஸ்பானரால் பிடிக்கலாம். கீழே பளபளக்கும் பிஸ்டன் ராடைக் கட்டிங் பிளையரால் பிடிப்பது பெரும் பாவம். அதில் விழும் ஒரு கீறல், ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீலை அறுக்கும். புஷ் மாற்ற வந்த வண்டி புது ஷாக் அப்சார்பர் கேட்டுத் திரும்பி வரும்.

இந்த இரண்டு வகைகளிலும் 'இன்னும் கொஞ்சம் டைட் மாடு' என்ற உற்சாகமே எதிரி. நசுங்கிய ரப்பர் திரும்பும் தன்மையை இழக்கிறது, அதிர்வை அப்படியே சேஸிஸுக்குக் கடத்துகிறது, விளிம்பில் வெடிக்கிறது. ஆனால் குழல் வகைப் புஷ்ஷில் கதை தலைகீழ். அங்கே போல்ட் தளர்ந்திருந்தால் உள்குழல் போல்ட்டின் மேல் சுழன்று, போல்ட்டையும் பிராக்கெட்டின் துளையையும் அரித்துவிடும். அங்கே கையேடு சொல்லும் முழு அழுத்தமும் தேவை. அதைக் கொடுக்க வேண்டியது தரையில் நிற்கும்போது.

முழு அழுத்தம் என்பது எவ்வளவு? 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் 25 கிலோ விசை கொடுத்தால் 7.5 கிலோகிராம்-மீட்டர். அதே ஸ்பானரில் பைப்பைச் செருகி 90 சென்டிமீட்டராக நீட்டினால், அதே கை 22.5 கொடுத்துவிடும். மூன்று மடங்கு. கைக்கு வித்தியாசம் தெரியாது. போல்ட்டின் மரைக்குத் தெரியும். டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருப்பது இதற்காகத்தான். வண்டிக்கு வண்டி, போல்ட்டுக்குப் போல்ட் அளவு மாறும் என்பதால் கையேட்டைப் பார்க்காமல் ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதில் அர்த்தமில்லை.

எண்ணெய் விட்டால் தீருமா?

கீச்சொலிக்கு ஒர்க் ஷாப்பில் கைவசம் இருக்கும் வைத்தியம், பழைய என்ஜின் ஆயிலைத் துணியில் நனைத்துப் பிழிவது. சத்தம் அன்றே நிற்கும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்கிறது, மெதுவாகக் கூழாக்குகிறது. தவிர, சத்தம் வருவதே ரப்பர் இரும்பின்மேல் வழுக்குவதால். எண்ணெய் அந்த வழுக்கலை இன்னும் சுலபமாக்குகிறது.

பழைய வில்லிஸ் ஜீப்பின் பராமரிப்புக் கையேடு இதற்குச் சொல்லும் வழி வேறு. ஸ்ப்ளிட் பின் உள்ள இடத்தில் கூடுதலாக ஒரு வாஷரைச் சேர்த்து, ரப்பரின்மேல் அழுத்தத்தைக் கூட்டு. தாது எண்ணெயைத் தொடாதே. மாட்டுவதற்கு வழவழப்பு வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். அல்லது ஆமணக்கெண்ணெய் அடிப்படையில் செய்த ரப்பர் கிரீஸ் இருக்கிறது. காட்டில் யானைக் கூட்டத்தின் அருகே இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் சஃபாரி ஜீப்பில், ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால் எழும் கீச்சொலி எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். அந்த அவசரத்தில்தான் ஆயில் கேன் கைக்கு வருகிறது.

பாலியூரிதேன் புஷ்கள் தனி ரகம். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்குழல் புஷ்ஷுக்குள் சுழலும்படியே அமைக்கப்பட்டது. முறுக்கில் உழைப்பவை அல்ல என்பதால் தரை விதி இவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சிலிகான் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் இவையும் கூவும்.

பழைய கை, புதிய வண்டி

மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1947-ல். எம்.எம். 540-ம் மாருதி ஜிப்ஸியும் வந்தது 1985-ல். இந்த வண்டிகளிலெல்லாம் நான்கு சக்கரங்களுக்கும் கமான் பட்டைதான். பட்டை வண்டியில் புஷ்கள் குறைவு. அவற்றில் பின் வகையும் கலந்திருந்ததால், அந்தரத்தில் முடுக்கிய கைகள் பல தடவை தப்பித்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் வேரூன்றியது அப்படித்தான்.

இன்று அந்தக் கைகளுக்கு வரும் வண்டிகள் வேறு. 2020-ல் வந்த புதிய தாரில் பின்அச்சைச் சுருள் ஸ்பிரிங்குகளும் பல கைகளும் பிடித்திருக்கின்றன. 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியின் இரண்டு அச்சுகளும் அப்படியே. ஒவ்வொரு கையின் முனையிலும் குழல் வகைப் புஷ். கைகளின் திருப்பம் ஷாக் அப்சார்பரின் திருப்பத்தைவிட அதிகம். பழைய ஜீப்பில் ஒரு புஷ்ஷைக் கெடுத்த பழக்கம் இங்கே ஒரே நாளில் அத்தனையையும் கெடுக்கும். அடுத்த ஆண்டு வண்டி திரும்பி வரும்போது, 'டூப்ளிகேட் சாமான்' என்று பழி உதிரிபாகக் கடைக்காரர் தலையில் விழும்.

இத்தனை எளிய விதி ஏன் கடைப்பிடிக்கப்படுவதில்லை? மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தூக்கிய வண்டியில் ஸ்பானர் சுற்ற இடம் உண்டு. இறக்கிய வண்டியில் முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு கால் சுற்றாக முடுக்க வேண்டும். புஷ் மாற்றும் கூலியில் இந்தக் கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது. கூடலூர் ஓட்டுநருக்கோ வேறு அவசரம். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்கு 2009 முதல் தடை. மாலை ஐந்தரைக்கு வேலை முடியாமல் நிற்கும் வண்டியின் அருகே அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது, 'இறக்கி, குலுக்கி, மறுபடி முடுக்கலாம்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒன்பது மணிக்கு முன் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடலாம். ஆனால் ரப்பர் ராத்திரி முழுக்க முறுகிக்கொண்டிருக்கும். புஷ் மலிவுதான். அதை மாற்ற இன்னொரு நாள் ஓட்டம் நிற்பதும், 220 கிலோமீட்டர் போய்வருவதும் மலிவல்ல.

வண்டிச் சொந்தக்காரர் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும். இது எந்த வகைப் புஷ்? கடைசி முடுக்கு வண்டி தரையில் நின்ற பிறகா? அழுத்தம் கையேட்டின்படியா? சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எட்டுப் பேரோடு ஓடுவதே வழக்கமான வண்டி என்றால், அந்த எடைக்கு வண்டி எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லிவைக்கலாம். கேட்டுவிட்டால் மட்டும் போதாது; அந்தப் பத்து நிமிடத்துக்கான கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தரையில் படுத்து முடுக்கும் முதுகுக்கு அதுதான் மரியாதை.